பெட்டியில் நான்கு, இன்ஜினில் தொண்ணூறு

ஷா ஆலம் பக்கம் பத்து தீகா என்ற ஊரைத் தாண்டியதும், மோட்டார் சைக்கிள்களுக்கென்றே போட்ட பாதையில் ஒரு வளைவு வரும். அங்கேதான் என் மோட்டார் இரண்டாவது முறையாக நின்றது.

பெருமழை விட்டுத் தூறிக்கொண்டிருந்தது. எனக்குப் பின்னால் சிவப்புப் பெட்டி. அதற்குள் ஐஸ் பைகளுக்கு நடுவே கிள்ளான் பக்கத்து ஆறு கிளினிக்குகளில் வாங்கிய ரத்தக் குழாய்கள். பகல் ஒரு மணிக்குள் அவை பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் ஆய்வுக்கூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். நானோ நடுவழியில் நிற்கிறேன். இரண்டு கிலோமீட்டராகக் கடகடவென்று சத்தம் போட்டுக்கொண்டே வந்த இன்ஜின், அந்த வளைவில் ஒரேயடியாக அடங்கிவிட்டது.

கையுறையைக் கழற்றிவிட்டு, எண்ணெய் தங்கும் அடிப்பக்கத்தில் விரலை வைத்தேன். பொசுக்கிவிடும் என்று பயந்துதான் வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. முழு உள்ளங்கையையும் வைத்துப் பார்த்தேன், அப்போதும் சுடவில்லை.

அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. "நல்லவேளை, ரொம்பச் சூடாகறதுக்குள்ள நின்னுடுச்சு" என்று சந்தோஷப்பட்டேன். இப்படியும் ஒரு மண்டு இருப்பாளா என்று நீங்கள் கேட்கலாம். இருந்தாள். அவள்தான் இந்தத் தொடரை எழுதிக்கொண்டிருக்கிறாள்.

மோட்டார் பாதையில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. நிற்கிறவரைக் கேட்காமல் யாரும் போக மாட்டார்கள். நான்கு பேர் வேகத்தைக் குறைத்து "ஓகே ஆ, அக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். ஐந்தாவதாக வந்தவர் காலால் என் மோட்டாரைத் தள்ளிக்கொண்டே அடுத்த நிழற்கூரை வரை கொண்டுபோய் விட்டார். பெட்டியை எடுத்துப்போக ஆய்வுக்கூடத்திலிருந்து வண்டி வந்தபோது மணி மூன்று. குழாய்கள் வீண்.

எல்லாம் சூடு

கையுறைத் தொழிற்சாலை மூடிய கதையைப் போன வாரம் படித்துவிட்டு, "அதற்குப் பிறகு மோட்டாரா? அந்த வயதிலா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். ஆமாம், அந்த வயதில்தான். நாற்பத்தெட்டெல்லாம் ஒரு வயதா? வேறு வேலை தேடிப் பதினொரு இடங்களில் எழுதிப்போட்டேன். ரத்தம் ஏற்றிப்போக ஆள் வேண்டும் என்று சொன்ன இடத்தில் மட்டும்தான் என் வயதைக் கேட்கவில்லை. லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டார்கள். இருந்தது.

வாங்கியது பழைய கப்சாய். இந்த ஊரில் பாதிப் பேர் ஏறிப்போகும் அதே சின்ன மோட்டார்தான்.

முதல் முறை அது நின்றது பெட்டாலிங் ஜெயாவில், உச்சி வெயிலில், வாகன நெரிசலுக்கு நடுவே. எண்ணெய் குறைந்துபோனதை நான் கவனிக்கவில்லை. இன்ஜின் கொதித்துப்போய் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து சொன்னேன்.

என் வீட்டுக்காரர் இருபத்தாறு வருடம் லோரி ஓட்டியவர். உலகத்தில் நடக்கும் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே காரணம்தான் இருக்கும். கண் எரிந்தால் சூடு, முடி கொட்டினால் சூடு, மகன் கணக்கில் தோற்றதும் சூடுதான். பார்லித் தண்ணீர், இளநீர், சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் எல்லாம் எங்கள் வீட்டில் சட்டம் மாதிரி.

"சூடு ஏறிருச்சு. குளிர்ச்சி பண்ணு. மனுசனுக்கு ஒண்ணு, மோட்டாருக்கு ஒண்ணா?" என்றார்.

அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நானும் அப்படியே நம்பினேன். என் பெட்டி குளிர்ச்சியாக இருக்க வேண்டும். இரண்டு டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, எட்டைத் தாண்டக் கூடாது என்று எனக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். நாள் முழுக்கக் குளிர்ச்சியைக் கட்டிக்காப்பதுதான் என் வேலை. பெட்டிக்கு நல்லது இன்ஜினுக்கும் நல்லதுதானே என்று முடிவு கட்டினேன்.

மறுநாளே நசீரிடம் போனேன். கிள்ளானில் பட்டறை வைத்திருப்பவர், என்னைவிடப் பத்து வயது இளையவர். அவர் குடும்பத்தில் எல்லோரும் துணிக்கடைக்காரர்கள். இவர் மட்டும் துணிக்குப் பதிலாகக் கரியைத் தொட்டவர். எண்ணெயை வெளியே சுற்றவிட்டுக் காற்றில் ஆறவைக்கும் ஆயில் கூலரைப் பூட்டச் சொன்னேன்.

"அக்கா, இது கப்சாய்லா. ரேஸுக்கா போறீங்க?"

"எனக்கு இது நிக்கக் கூடாது. போடு."

"ஒரு கிளினிக்குக்கும் அடுத்த கிளினிக்குக்கும் அஞ்சு நிமிசம்தான் ஓட்டுறீங்க. அப்புறம் இருவது நிமிசம் நிப்பாட்டுறீங்க. அதுக்குள்ள எண்ணெ எங்க சூடாவும்?"

"போடுன்னா போடு நசீர்."

போட்டார். அவர் கேட்ட கேள்வியிலேயே விடை இருந்தது. எனக்குத்தான் காது கேட்கவில்லை.

கூலரோடு நான் நிறுத்தவில்லை. சிவப்பு எழுத்துப் போட்ட வெள்ளைத் துண்டு ஒன்றை வாங்கினேன். ஒவ்வொரு கிளினிக் வாசலிலும் அதைக் குழாயில் நனைத்துப் பிழிந்து இன்ஜின்மேல் போர்த்திவிட்டுத்தான் உள்ளே போவேன். ஜுரம் வந்த பிள்ளையின் நெற்றியில் போடுவோமே, அதே மாதிரி. கிளினிக்கில் நர்ஸாக இருக்கும் மிஸ்ஸி ரேணுகா ஒருநாள் கண்ணாடிக் கதவு வழியாக அதைப் பார்த்துவிட்டார்.

"எத்தன டிகிரி காய்ச்சல்கா? பேனடோல் தரவா?"

நானும் சிரித்தேன். ஆனால் துண்டை எடுக்கவில்லை.

பால் டீ

இரண்டாவது முறை நின்ற மோட்டாரை நசீர் பிரித்துப் பார்த்தார். எண்ணெய் அளக்கும் குச்சியை உருவி என் மூக்குக்கு நேராக நீட்டினார். கறுப்பாக இருக்க வேண்டிய எண்ணெய், நுரை கட்டிய பால் டீ மாதிரி வெளுத்திருந்தது.

"தண்ணி கலந்திருக்கு. கூழா போயி வடிகட்டிய அடைச்சிருச்சு. மேல எண்ணெயே ஏறல."

"மழையில உள்ள போயிருக்கும்" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். தேய்ந்ததை மாற்றி, வடிகட்டியைக் கழுவி, புது எண்ணெய் ஊற்றிக் கொடுத்தார்.

ஆய்வுக்கூடத்தில் எங்களுக்கு மேலாளராக இருந்தவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார். "அக்கா, இன்னொரு தடவ நின்னுச்சுன்னா நான் வேற ஆளதான் பாக்கணும். கோவிச்சுக்காதீங்க."

கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? மூன்றாவது முறை நிற்கக் கூடாது. அவ்வளவுதான். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு போனேன்.

பாக்கியம் ஆன்டியின் கை

அடுத்த வாரம் மிஸ்ஸி ரேணுகாவின் கிளினிக்கில் பாக்கியம் ஆன்டி உட்கார்ந்திருந்தார். கிள்ளானில் டோபிக்கடைப் பக்கம் வடை சுட்டு விற்பவர். எனக்கு அவரை முகம் தெரியும். அவர் கடை வடை என் கைக்கு வாரம் இரண்டு முறையாவது வரும். சிறுநீரகக் கோளாறுக்காக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுப்பார். அவர் கையில் நரம்பு கிடைப்பது குதிரைக்கொம்பு. மிஸ்ஸி தட்டித் தட்டித் தேடுவார்.

அன்று அவர் இரண்டு முழங்கைகளின் உட்புறமும் ஊதா நிறத்தில் கன்றிப்போயிருந்தது.

"என்ன ஆன்டி, போன வாரந்தானே குடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் விஷயம் மண்டையில் ஏறியது. வீணாய்ப்போன பெட்டியில் அவருடைய குழாயும் இருந்திருக்கிறது.

"குடுத்தேன்மா. அந்த ரத்தம் சரியில்லையாம். திரும்ப எடுக்கணும்னு போன் போட்டாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என் ரத்தம் கெட்டுப்போச்சு போல. மககிட்டகூட சொல்லல. கடையும் போடல. கெட்ட ரத்தத்த ஒடம்புல வச்சிக்கிட்டு நாலு பேரு சாப்புடறத சுடக் கூடாதுல்ல?"

நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. இவர் மிஸ்ஸியிடம் சொல்லி, மிஸ்ஸி மேலாளரிடம் புகாராகச் சொன்னால் அதுவே மூன்றாவது முறையாக எண்ணப்படும் என்று பயந்தேன். மிஸ்ஸி மூன்று முறை குத்தினார். நான்காவதில் ரத்தம் வந்தது. ஒவ்வொரு குத்துக்கும் ஆன்டி கண்ணை மூடித் திறந்தார். நான் குழாயை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அன்றைக்கு என்னை எனக்கே பிடிக்கவில்லை. மோட்டாரைச் சரிபண்ணிவிட்டு அவரிடம் உண்மையைச் சொல்வேன் என்று எனக்கு நானே ஒரு தவணை கொடுத்துக்கொண்டேன். மோட்டாரை எப்படிச் சரிபண்ணுவது என்றுதான் தெரியவில்லை.

மழை பெய்யாத வாரம்

அதற்குப் பிறகு தினமும் காலையில் குச்சியை உருவிப் பார்த்தேன். முதல் சில நாள் எண்ணெய் தேன் நிறத்தில் இருந்தது. பிறகு மூடியின் உட்பக்கம் ஒரு வெள்ளைப் படலம் தெரிந்தது. பத்து நாளில் மறுபடியும் பால் டீ.

அந்தப் பத்து நாளும் ஒரு சொட்டு மழை இல்லை.

மழை இல்லையென்றால் தண்ணீர் எங்கிருந்து வந்தது? வீட்டு வாசலில் குச்சியும் கையுமாக நின்றபோது எனக்குத் தொழிற்சாலை ஞாபகம் வந்தது.

பதினெட்டு வருடம் அங்கே என் வேலை முள்ளைப் பார்ப்பது. கித்தாப் பாலில், அதாவது ரப்பர் பாலில், முக்கியெடுத்த கைவார்ப்புகள் வரிசையாக அடுப்புக்குள் போகும். அடுப்புக்கு வெளியே வட்ட மீட்டர். முள் மேலே ஏறினால் மணியடிக்க வேண்டும். முள் கீழே இறங்கினாலும் மணியடிக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருநாள் முள் கீழே இறங்கியதைக் கண்டும் சும்மா இருந்துவிட்டேன். குளிர்ந்தால் என்ன கெட்டுவிடப்போகிறது என்று நினைத்தேன். அன்று வெளியே வந்த கையுறைகளில் ஈரம் போகவில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன, இழுத்தால் கிழிந்தன. ஒரு முழு வரிசையையும் தூக்கிப்போட்டார்கள்.

ஈரம் போகவில்லை. வாசலில் நின்று அதையே இரண்டு முறை வாய்விட்டுச் சொன்னேன்.

இன்ஜினுக்குள்ளும் ஈரம் ஊறத்தான் செய்யும். எண்ணெய் நன்றாகச் சூடானால் அது ஆவியாகிப் போய்விடும். என் எண்ணெய் சூடாகவே இல்லை. ஐந்து நிமிட ஓட்டம், இருபது நிமிட நிறுத்தம், முன்னால் கூலர், மேலே ஈரத்துண்டு. சூடாக நான் எங்கே விட்டேன்?

நசீரிடம் ஓடினேன். எண்ணெய் மூடிக்குப் பதிலாகத் திருகி வைக்கிற சின்ன மீட்டர் ஒன்று அவரிடம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு காலை முழுவதும் வேலை பார்த்தேன். ஐந்தாவது கிளினிக்கில் குனிந்து பார்த்தேன். முள் நாற்பத்தெட்டில் நின்றது.

பதினெட்டு வருடம் முள்ளையே பார்த்துச் சம்பளம் வாங்கியவள், சொந்த மோட்டாருக்கு ஒரு முள் வைக்கத் தோன்றாமல் ஈரத்துணி போட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அந்தத் துண்டு இப்போது எங்கள் வீட்டுச் சமையலறையில் அடுப்பு துடைக்கிறது.

"எண்பதத் தாண்டட்டும், நூத்திப்பத்தத் தொட வேணாம்" என்றார் நசீர். "கூலர கழட்டிருவோமா?"

"மத்தியான ஜாம்ல திரும்பக் கொதிச்சா?"

"அப்ப?"

"இருக்கட்டும். மூடி போடுறேன்."

பிஸ்கட் டின் மூடியை அளவாக வெட்டி, ஓரத்தை மடித்து, ரப்பர் பட்டையால் கூலரின் முகத்தில் மாட்டினேன். காலையிலும் மழையிலும் மூடி இருக்கும். வெயிலில் நெரிசலுக்குள் நுழையும்போது கழற்றிப் பையில் போட்டுக்கொள்வேன். இரண்டு நொடி வேலை. கண் மட்டும் முள்மேல் இருக்க வேண்டும், அது எனக்குப் பழக்கம்.

அதோடு விடவில்லை. போகும் வழியையும் தலைகீழாக மாற்றினேன். அதுவரை கிள்ளானின் பக்கத்துப் பக்கத்துக் கிளினிக்குகளை முடித்துவிட்டு, கடைசியில்தான் தூரத்தில் இருக்கும் ஜெஞ்சாரோம் கிளினிக்குக்குப் போவேன். இனி முதலில் ஜெஞ்சாரோம். செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே நிறுத்தாமல் போய்வந்தால் எண்ணெய் ஒருமுறை நன்றாகக் காய்ந்துவிடும். பிறகு கிள்ளானில் நின்று நின்று போனாலும் சமாளிக்கும். இதற்குக் கிளினிக்குகள் சம்மதிக்க வேண்டும். இரண்டு கிளினிக்குகள் முடியவே முடியாது என்றன. நான் மூன்று நாள் தொடர்ந்து போய் வாசலில் நின்றேன். மிஸ்ஸி ரேணுகாதான் கடைசியில், "விடுங்க, அக்கா வுட மாட்டாங்க. நாம டைம மாத்திக்கலாம்" என்று மற்றவர்களிடமும் பேசி முடித்துக் கொடுத்தார்.

சுபாங் பாலத்தடியில்

அடுத்து பாக்கியம் ஆன்டி ரத்தம் கொடுத்த நாளில் வானம் பொத்துக்கொண்டது.

அவர் குழாய் என் பெட்டியில் இருந்தது. ஷா ஆலம் வரும்போதே முன்னால் போகும் மோட்டாரின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. சுபாங் மேம்பாலத்தடியில் நாற்பது ஐம்பது பேர் ஒதுங்கி நின்றார்கள். நானும் ஒதுங்கினேன். முள் எண்பத்தாறில் இருந்தது. நான் நிற்க நிற்க எண்பத்திரண்டு, எழுபத்தெட்டு என்று இறங்கியது. மணி பன்னிரண்டு பத்து.

மழைச்சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டேன். மூடி சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன்.

"அக்கா, போகாதீங்கலா. பாத ஃபுல்லா தண்ணி" என்றார் பக்கத்தில் சாப்பாட்டுப் பையோடு நின்றவர்.

"மெதுவா போறேன் தம்பி."

மெதுவாகத்தான் போனேன். இடது ஓரத்தில் தண்ணீர் தேங்கியிருந்த இடமெல்லாம் காலை ஊன்றி ஊன்றிப் போனேன். மழை முட்டியில் அறைந்தது. பயமாகத்தான் இருந்தது, ஆனால் அந்தக் கை திரும்பக் குத்து வாங்கக் கூடாது என்ற பிடிவாதம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. முள் எண்பதில் கொஞ்ச நேரம் தயங்கியது. பிறகு ஏறியது. பெட்டாலிங் ஜெயாவில் எண்பத்தேழு. பிரிக்பீல்ட்ஸ் வளைவில் தொண்ணூறு. இன்ஜின் சத்தம் ஒரே சீராக இருந்தது.

ஒரு மணிக்கு எட்டு நிமிடம் இருக்கும்போது பெட்டியை மேசைமேல் வைத்தேன். ஆய்வுக்கூடத்துப் பெண் வெப்பமானியைச் செருகிப் பார்த்து, "நாலு" என்று படிவத்தில் எழுதிக்கொண்டாள்.

"என் எண்ணெ தொண்ணூறு" என்றேன், தரையெல்லாம் தண்ணீர் சொட்டச் சொட்ட.

"அதுக்கு ஃபார்ம்ல கட்டம் இல்லக்கா" என்றாள்.

சொன்னது

இரண்டு வாரம் கழித்து ஆன்டி மறுபடி வந்தார். கடை இன்னும் போடவில்லை என்றார். பாகற்காய்ச் சாறு குடிக்கிறாராம். முகம் வாடியிருந்தது. இனியும் தள்ளிப்போட்டால் நான் மனுஷியே இல்லை என்று பட்டது. ஜெயித்த பிறகு சொல்வது சுலபம், அதையும் ஒப்புக்கொள்கிறேன். நிற்காத மோட்டாரை வாசலில் வைத்துக்கொண்டுதான் எனக்குத் தைரியம் வந்தது. மிஸ்ஸியும் கேட்கட்டும் என்று அவர் முன்னாலேயே சொன்னேன்.

"ஆன்டி, ஒங்க ரத்தத்துல ஒரு கொறையும் இல்ல. அன்னிக்கு என் மோட்டார் நடுரோட்டுல நின்னு போச்சு. நேரமாயி வீணாயிருச்சு. கொற என் எண்ணெயிலதான்."

எண்ணெய் சூடாகாமல் போனது, கூலர், துண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இமைக்காமல் கேட்டார். மிஸ்ஸி ஊசியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"எண்ணெ காயலையா?" என்றார் ஆன்டி.

"காயல."

"காயாத எண்ணெயில வட போட்டா என்னாவும்னு தெரியுமாடி ஒனக்கு?" கிளினிக்கே திரும்பிப் பார்த்தது. "ஒரு மாசம்! ஒரு மாசமா நான் கரண்டியத் தொடல. எம்மக மொகத்தப் பாத்துப் பேசல. செத்துருவேன்னு நெனச்சு நகையெல்லாம் பிரிச்சு வச்சேன். நீ ஈரத்துணி போட்டுக்கிட்டிருந்தியா?"

நான் தலையைக் குனிந்துகொண்டு வாங்கிக்கொண்டேன். அத்தனையும் எனக்கு வர வேண்டியதுதான். திட்டி முடித்ததும் அவர் அழுதார். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "கெட்டுப்போகலல்ல? சத்தியமா?" என்று கேட்டார். மிஸ்ஸியும் நானும் சத்தியம் செய்தோம்.

மேலாளரிடம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரமே வடைக்கடை திறந்துவிட்டது.

இதெல்லாம் நடந்து காலம் ஆகிவிட்டது. ஆன்டி இன்றைக்கும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருகிறார். நான் ஜெஞ்சாரோம் போய்விட்டு வந்து சேரும் வரை மிஸ்ஸியை ஊசி எடுக்க விடுவதில்லை. சட்டைக் கையை மடிக்காமல், கண்ணாடிக் கதவைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். நான் உள்ளே நுழைந்ததும் வணக்கம்கூடச் சொல்வதில்லை.

"எண்ணெ காஞ்சிருச்சா?"

"தொண்ணூறு, ஆன்டி."

அதற்குப் பிறகுதான் கையை நீட்டுவார்.